சும்மா கிடைத்த நாய்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் கிடையாது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். மீன்காரர் செவுளைத் திறந்து காட்டினால், அந்தச் சிவப்பு மீனுடையதுதானா என்று கேட்பேன். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். போகப் போகச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவர் எனக்கு நேர் எதிர். மாத்தளை டவுனில் கொக்கோவும் மிளகும் வாங்கும் ஒரு கடையில் கிளாக்கர் வேலை. ஈர மிளகைக் கொண்டுவந்து கொட்டி, நன்றாகக் காய்ந்தது ஐயா என்று யாராவது சொன்னால், அப்படியே தலையாட்டிவிடுவார். முதலாளி தங்கமான மனிதர் என்பதால் எங்கள் பிழைப்பு ஓடியது.

அறுபதுகளின் கடைசி அது. மூத்த மகள் பிறந்து, இன்னும் குப்புறக்கூட விழாத பருவம். டவுன் ஓரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பின்னால் கொஞ்சம் வளவு. அதில் நான் வளர்த்த கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு நாள் வளவில் காய வைத்திருந்த மிளகு, விரித்திருந்த பாயோடு போய்விட்டது. யார் எடுத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்த ஒழுங்கையில் குடியிருந்த பாதிப் பேர் அந்தக் கணக்கில் இருந்தார்கள். என் கணவரிடம் சொன்னேன். மனிதரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு எப்படிக் குடியிருப்பது, பேசாமல் ஒரு நாய் வளர்ப்போம் என்றார்.

யட்டவத்த ரோட்டில், டவுன் முடிகிற இடத்தில், பறங்கி அம்மா ஒருவர் இருந்தார். ஊரில் அவரை நோனா என்பார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கொக்கோ கொட்டகை ஒன்றில், ரோட்டில் அடிபட்டது, யாரோ விட்டுவிட்டுப் போனது, சொறி பிடித்தது என்று ஊரில் உள்ள நாய்களை எல்லாம் சேர்த்து வைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அந்த இடத்துக்கு நாய் மடம் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போவதற்கு அவருக்குக் கப்பல் ஏற்பாடாகிவிட்டது. அதனால் நல்ல வீடாகப் பார்த்து நாய்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவர் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

நாய் வருவதற்கு முன் நோனா வந்தார். வீட்டைப் பார்க்க வேண்டுமாம். குடையை ஊன்றிக்கொண்டு முன்னறை, குசினி, வளவு எல்லாம் நடந்து பார்த்தார். சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். நாயைக் கட்டி வைப்பீர்களா, அடிப்பீர்களா, மழைக்கு எங்கே படுக்கும், மிச்சம் மீதி போடுவீர்களா அல்லது அதற்கென்று ஆக்குவீர்களா என்று சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவரோ பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

நோனா போனதும் எனக்கு வந்த யோசனை இதுதான். ஒரு சாமானைச் சும்மா தருகிறவருக்கு எதற்கு இத்தனை விசாரணை? எங்கேயோ ஒரு கோளாறு இருக்கிறது. அதைத் தாங்கும் வீடா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் அதே எண்ணம். அவர்களுக்கு டவுனில் துணிக்கடை. நாய் நனைந்த உடம்போடு வந்து தொழுகை உடுப்பில் பட்டுவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் பிள்ளையைப் பற்றித்தான் பேசினார்.

"தங்கச்சி, பச்சப் புள்ள ஈக்கிற ஊடு. சும்மா தார சாமான கொஞ்சம் யோசிச்சி எடுங்க."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாய் வந்துவிட்டது. பெட்டை. அல்சேஷன் பாதி, ஊர் நாய் பாதி. மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். ரிவர்ஸ்டன் பக்கம், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், மரத்தில் கட்டிக் கிடந்ததாம். லொறிக்காரர் ஒருவர் அவிழ்த்துக் கொண்டுவந்து நோனாவிடம் சேர்த்திருக்கிறார். "மெயா ஹரி அஹிங்சகய்" என்று சொல்லி நோனா கயிற்றை என் கணவர் கையில் கொடுத்தாராம். இவள் ரொம்பச் சாது என்று அர்த்தம். சாதுவான நாயை யாராவது காட்டு மரத்தில் கட்டிவிட்டுப் போவார்களா? கடிக்கிற நாயைத்தான் அப்படிச் செய்வார்கள். இதை அவரிடம் சொன்னேன். அவர் நாயின் மடிந்த காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

அது குரைக்கவில்லை. முதல் நாளும் குரைக்கவில்லை, பிறகும் குரைக்கவில்லை. தபால்காரர் வந்தால் எழுந்து வழி விடும். காக்கை அதன் தட்டில் வந்து கொத்தினால் தள்ளிப் போய் உட்காரும். கள்ளனைப் பிடிக்கக் கொண்டுவந்த நாய், கள்ளன் வந்தால் விளக்குப் பிடிக்கும் போலிருந்தது. இவ்வளவு நல்ல குணம் எந்த உயிருக்கும் இயற்கையாக இருக்காது என்று எனக்குப் பட்டது. எனவே சோதித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டைப் பிடுங்கினேன். அது பின்வாங்கி என் முகத்தைப் பார்த்தது. குசினி நிலத்தில் கருவாட்டை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. கருவாட்டைத் திருடாத நாயும் ஒரு நாயா? என்னமோ நடிப்பு நடக்கிறது என்று முடிவு செய்தேன்.

பிறகு உண்மையாகவே ஒன்று நடந்தது.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தாலாட்டுப் பாட வராது. என் அம்மாவுக்கும் குரல் கிடையாது, எனக்கும் கிடையாது. தொட்டில் சீலையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே "உஸ்ஸி, உஸ்ஸி" என்போம். அதுதான் எங்கள் தாலாட்டு. எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அதைக் கேட்டுத்தான் தூங்கின. அன்று காலை பிள்ளை வீறிட்டு அழுதாள். நான் ஓடிப் போய்த் தொட்டிலை ஆட்டினேன். மூலையில் படுத்திருந்த நாய் எழுந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. மேலுதடு தூக்கிப் பல் தெரிந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. வயிறு நிலத்தில் தேய, சிறுநீர் விட்டுக்கொண்டே ஊர்ந்து வந்து தொட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. புகுந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

நான் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வளவுக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் அது பழைய மூலையில், பழைய சாதுவாகப் படுத்திருந்தது. நிலத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

வெறி என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் காலத்தில் வெறிநாய்க் கடி என்றால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள், அதற்கும் பிழைத்தவரைவிடப் பிழைக்காதவரைப் பற்றித்தான் ஊரில் கதை இருந்தது. வெறி பிடித்த நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்று ராத்தா சொன்னார். பேசினில் தண்ணீர் வைத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. எனக்கு நிம்மதி வரவில்லை. வெறி இல்லை என்றால் வேறு என்ன?

அதற்குப் பிறகு அடிக்கடி நடந்தது. பிள்ளை அழுவாள், நான் தொட்டிலுக்கு ஓடுவேன், நாய் நடுங்கிக்கொண்டு பல்லைக் காட்டி ஊர்ந்து வந்து தொட்டிலுக்கடியில் புகும். தடியை எடுத்தால்கூட அசையாது. பிள்ளை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். இதில் என்னை ஆத்திரப்படுத்திய விஷயம், அவர் வீட்டில் இருக்கும்போது இது நடப்பதே இல்லை. அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரேடியோவில் கேட்ட பாட்டு எதையாவது முணுமுணுப்பார். நாய் அவர் காலடியில் கண்ணை மூடிக் கிடக்கும். ஆளுக்கொரு முகம் காட்டுகிற கள்ளி என்று அதை மனதுக்குள் வைதேன். ஒரு தடவை ராத்தா வேலிக்கு மேலாக எட்டி, திறந்த கதவு வழியாக அதன் பல்லைப் பார்த்துவிட்டார். சாட்சி கிடைத்ததே என்று எனக்குப் பாதி சந்தோஷம். என் கணவரிடம் அதையும் சொன்னேன்.

"அது பாட்டுக்குக் கெடக்குது. நீ ஏன் அதையே மொறைச்சிக்கிட்டு நிக்கிற?" என்றார்.

முறைத்துக்கொண்டுதான் நின்றேன். வேறு என்ன செய்வது? அவர் அந்த நாயை நம்பினார், நம்பியதால் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதன் உடம்பில் எங்கே தழும்பு இருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பின் தொடை இரண்டிலும், இடுப்பிலும், முதுகின் பின்பாதியிலும் மயிர் முளைக்காத கோடுகள். முகத்திலும் மார்பிலும் ஒன்றுகூட இல்லை. எந்தக் காலை ஊன்றும்போது நோகிறது, எந்தச் சத்தத்துக்கு எந்தக் காது திரும்புகிறது, எல்லாம் எனக்குப் பாடம். பிள்ளையைப் பெற்றவள் நான். இந்த நாய் என்றைக்கு, எந்த நேரத்தில் பாயும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எனக்குத்தான் இருந்தது.

ஒரு நாள் அழுத பிள்ளையின் கை தொட்டில் சீலைக்கு வெளியே தொங்கியது. அதற்கு நேர் கீழே நாயின் தலை. பல் தெரிந்த வாய்க்கும் அந்தச் சின்ன விரல்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அந்தக் காட்சி எனக்குச் சாப்பாட்டை மறக்கடித்தது. மாலையில் அவர் வந்ததும் நாயைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றேன். ஒத்துவராவிட்டால், கப்பல் ஏறுவதற்கு முன் கொண்டுவந்து தந்துவிடச் சொல்லி நோனா சொல்லியிருந்தார். வீடு கிடைக்காமல் மிஞ்சுகிற நாய்களுக்கு மிருக வைத்தியர் வந்து ஊசி போடுவார் என்பதும் எங்களுக்குத் தெரியும். இந்த நாயைத் திருப்பிக் கொண்டுபோவது என்றால் கொன்றுவிடுவது என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

"நீயே கொண்டு போய்க் குடு. என்னால ஏலாது" என்றார் அவர்.

எனக்கு ஏலும் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பிள்ளையை ராத்தாவிடம் விட்டுவிட்டு, நாயின் கழுத்தில் தும்புக் கயிற்றைக் கட்டி நடந்தேன். அது சந்தோஷமாகவே வந்தது. ஊர்வலம் போகிறவள் மாதிரி ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்த்துக்கொண்டு வந்தது. நான் அதன் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நடந்தேன். மனதில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த விரல்கள் கண்ணில் நின்றன.

நோனாவின் வீட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. ஒரு தோட்டத்தில் குரங்குக் கூட்டம் இறங்கிக் கொக்கோக் காய்களைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். கையை மரத்தின் பக்கம் நீட்டித் தன் நாய்களைப் பார்த்துக் கத்தினார்.

"உசி, உசி! அல்லபங்!"

பிடி என்று ஏவுகிறார். அவருடைய நாய்கள் குரைத்துக்கொண்டு பாய்ந்தன. என் கையில் இருந்த கயிறு கீழே இழுத்தது. குனிந்து பார்த்தேன். என் நாய் ரோட்டில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதே நடுக்கம். அதே பல். வாயில் எச்சில், காலடியில் ஈரம். அங்கே பிள்ளையும் இல்லை, தொட்டிலும் இல்லை. நானும் பேசாமல்தான் நின்றேன்.

அந்த ஆள் மறுபடியும் "உசி" என்றார். நாய் மறுபடியும் நடுங்கியது.

எனக்குத் தெரியாத சொல்லா அது? பல்லேபொலையில் பிறந்து வளர்ந்தவள் நான். வயலில் பன்றி இறங்கினாலும், வளவில் பிறத்தியார் மாடு புகுந்தாலும், சுற்றியிருந்த சிங்கள வீடுகளில் நாயை ஏவுகிற சொல் அதுதான். நூறு தடவை கேட்டிருப்பேன். ஆனால் அந்தச் சொல் என் சிங்களக் காதில் கிடந்தது. பிள்ளையை அமர்த்துகிற சொல் என் தமிழ் வாயில் கிடந்தது. இரண்டும் அதுவரை சந்தித்துக்கொண்டதே இல்லை. நடு ரோட்டில் நின்று மெல்ல "உஸ்ஸி" என்று சொல்லிப் பார்த்தேன். நாய் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, தலையை இன்னும் கீழே வைத்துக்கொண்டது.

அப்போதுதான் தழும்புகள் எனக்குப் பேசின. இது காட்டுப் பக்கம் வேட்டைக்காரன் எவனோ வளர்த்த நாய். பன்றியின் மேல் பாய்ந்த நாய் என்றால் காயம் முன்னால் இருக்கும். இதற்கு எல்லாம் பின்னால். உசி என்று சொன்னபோதெல்லாம் போகமாட்டேன் என்று படுத்திருக்கிறது. போகாததற்கு அடி வாங்கியிருக்கிறது. கடைசியில் எதற்கும் உதவாது என்று மரத்தில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நோனா நாய்களோடு இங்கிலீசில் பேசுகிறவர். அவர் வாயில் அந்தச் சொல் வந்திருக்காது, அதனால் அவருக்கும் இது தெரிந்திருக்காது.

கயிற்றைத் திருப்பிப் பிடித்து வீட்டுக்கு நடந்தேன். ராத்தா பிள்ளையைக் கொடுத்துவிட்டு, வேலிக்கு அப்பால் போய் நின்று நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "அடப் பாவமே" என்றார். அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பாதிச் சந்தேகம்தான் தீர்ந்திருந்தது. பயந்த நாய் ஓடும். வளவுக் கதவு எப்போதும் திறந்துதான் கிடந்தது. ஒரு நாள்கூட அது வளவுக்கு ஓடவில்லை. ஒவ்வொரு தடவையும் என் பிள்ளையிடம்தான் வந்தது. பயத்தில் நடுங்குகிற நாய்க்கு என் பிள்ளையிடம் என்ன வேலை? இதற்குப் பதில் இல்லாமல் அதை முழுதாக நம்ப எனக்கு மனமில்லை. தடியைச் சுவர் ஓரமாகவே சாய்த்து வைத்தேன்.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் பிள்ளை அழுதாள். அவர் கடையிலிருந்து வந்திருக்கவில்லை. இனி அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஏதோ ஒரு பாட்டை முனகினேன். பிள்ளை அதைக் கேட்டு இன்னும் பெரிதாக அழுதாள். ஒரு கையால் தொட்டிலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். பழகின வாய் கேட்குமா? "உஸ்ஸி, உஸ்ஸி" என்று வந்துவிட்டது.

நாய் எழுந்தது. நடுங்கியது. வழக்கம் போல் ஊர்ந்து வந்து தொட்டிலுக்கு அடியில் போய்த் திரும்பிக்கொண்டது. நான் தடியைத் தேடிக் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அதன் முதுகு பிள்ளைப் பக்கம் இருந்தது. பல் என் பக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருந்தது. நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தொட்டிலை ஆட்டிய என் கை இன்னும் பிள்ளையை நோக்கி நீண்டிருந்தது. காலையில் அந்த மனிதர் கையைக் குரங்குகள் பக்கம் நீட்டியது போல. கையை நீட்டி, உசி என்று சொன்னால், அதைப் பிடி, அதைக் கடி என்று அர்த்தம். அந்த நாய்க்கு அதைத் தவிர வேறு அர்த்தம் தெரியாது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருத்தி ஓயாமல் அதனிடம் என் பிள்ளையைக் கடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது மாட்டேன் என்று ஊர்ந்து வந்து பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் படுத்திருக்கிறது. மாட்டேன் என்றால் அடி விழும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த நடுக்கம்.

நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். மேலே பிள்ளை அழுதாள். வா என்று நாயைக் கூப்பிட்டுக் கையை நீட்டினேன். அது வரவில்லை. என் கையைப் பார்த்து உறுமியது. அந்த வீட்டில் அது உறுமி நான் கேட்டது அது ஒரு தடவைதான். நான் கையை எடுத்துக்கொண்டேன். நான் அதைச் சந்தேகப்பட்ட நாளெல்லாம் அதுவும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அதுவும் என் பிள்ளைக்காகவே.